பின்னுக்குப் பதில் ஆணி

கட்டுமரத்துக்கு உதிரிபாகம் என்று ஒன்று இருந்ததென்றால் அது கயிறுதான். எங்கள் பாட்டா கரைக்கு வந்ததும் மீனை விற்கப் பாட்டியிடம் விட்டுவிட்டு மரத்தை அவிழ்ப்பார். தடிகளைத் தனித்தனியே பிரித்து மணலில் உருட்டிப் போடுவார். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்த தடி வெயிலில் உலர வேண்டும். இல்லையென்றால் மறுநாள் துடுப்புப் போடுகிறவன் தோள் கழன்றுவிடும். விடியுமுன் மறுபடி சேர்த்துக் கட்டும்போது கயிற்றை விரலால் நீவிக்கொண்டே போவார். முறுக்கு விட்ட இடம் கைக்குத் தெரியும். தெரிந்தால் அந்தக் கயிறு அன்றோடு வீட்டுக் கொடிக்கயிறாகிவிடும்.

சரி, உயிர்காப்புக் கருவி? அதுவும் மரம்தான். தண்ணீர் உள்ளே புகுவதற்குக் கட்டுமரத்தில் உள்ளே என்ற ஒன்று கிடையாது. அலை புரட்டினால் புரளும், ஆனால் மூழ்காது. விழுந்தவர் நீந்தி வந்து தொற்றிக்கொண்டு அதைத் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்வார். திசை காட்டுவது கணியம்: ஒரு மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் பிடித்து, இன்னொரு ஜோடி அடையாளத்தோடு வெட்டி, நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது. குமரி மாவட்டக் கரைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை கொடுத்த வசதி இது. பழுதாகும் பொருளே இல்லாத ஏற்பாடு. அதற்காக அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. காற்று இழுத்துக்கொண்டு போன மரங்கள் உண்டு, திரும்பி வராத மனிதர்கள் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் ஒரு ரப்பர் துண்டு கிழிந்ததால் போகவில்லை.

ரப்பர் துண்டுக்கு வருகிறேன். அதற்கு முன் இன்ஜின் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்தோ–நார்வே திட்டம் வேலையைத் தொடங்கியது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டு மீன்துறையும் விசைப்படகுகளைக் கொண்டுவந்தது. அவை துறைமுகம் இருந்த ஊர்களுக்குத்தான் சரி. மணலில் ஏற்றி இறக்கும் எங்கள் கரைக்கு இன்ஜின் வேறு வழியாக வந்தது. முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து பிளைவுட் வள்ளம் கட்டிப் பார்த்தார். 1980-இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அந்த வள்ளங்களைப் பரப்பியது. அவுட்போர்டு இன்ஜின்களுக்குப் பழுது பார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. யமஹாவும் சுசுகியும் எங்கள் ஊர்ப் பேச்சுக்குள் வந்தது அப்போதுதான். பின்புறப் பலகையில் மாட்டித் தொங்கவிடுகிற, கயிற்றை இழுத்தால் உறுமுகிற அந்தச் சாமானை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம். பாட்டா கடைசி வரை அதை “சத்தம்” என்றுதான் சொன்னார். “சத்தம் வாங்கியிருக்கானாம்.”

என் சித்தப்பா அந்தச் சத்தத்துக்கு வைத்தியரானார். அவருடைய ஓலைப் பட்டறையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதில் பாதி ஆணி. வள்ளத்துக்கு அடிக்கிற ஆணி அல்ல. இன்ஜினிலிருந்து அவர் உருவி எடுத்தவை. அந்தக் காலத்துச் சின்ன அவுட்போர்டு பலவற்றில் விசிறியைத் தண்டோடு சேர்த்துப் பிடிப்பது விரல் நீளம் கூட இல்லாத ஒரு பின். வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்வார்கள். விசிறி பாறையிலோ மிதக்கும் தடியிலோ அடித்தால் பின் முறிந்துவிடும். இன்ஜின் சும்மா சுற்றும். உள்ளே இருக்கும் கியர் தப்பிக்கும். முறிவதுதான் அதன் வேலை. நம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. அடிக்கடி முறிகிறதே, இது என்ன ஜப்பான்காரன் சாமான் என்று நல்ல இரும்பு ஆணி ஒன்றை வெட்டிச் சொருகிவிடுவார்.

ஒரு நாள் அப்படி ஒருவர் வந்து நின்றார். “பின் நல்லாத்தான் இருக்கு, இன்ஜின்தான் போகமாட்டேங்குது.” சித்தப்பா அடிப்பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். கறுத்த எண்ணெயோடு பல் போன கியர் துண்டுகள் விழுந்தன. ஆணி மட்டும் பளபளவென்று நேராக இருந்தது. “மக்கா, பின்னு முறிஞ்சா நீ துடுப்புப் போட்டு வருவே. ஆணி முறியாது, வீடுதான் முறியும்” என்றார். அந்தக் கியர் செட்டுக்காக வந்தவருடைய மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது.

பின்னால் வந்த மாடல்களில் விசிறியின் நடுவிலேயே ரப்பர் புஷ் வைத்துவிட்டார்கள். அடி பட்டால் ரப்பர் வழுக்கும். ஆணி சொருக இடமில்லை. மனித புத்தியை நம்பாமல் செய்த திருத்தம் என்று அதைச் சொல்ல வேண்டும்.

இப்போது முதலில் சொன்ன அந்த ரப்பர் துண்டு. அவுட்போர்டின் அடிப்பெட்டிக்கு மேல், கையளவுக்கும் சின்னதாக, ஆறேழு இதழ் விரித்த பூ மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். இம்பெல்லர். கடல்நீரை உறிஞ்சி இன்ஜின் தலைக்கு ஏற்றிக் குளிர்விப்பது அது. வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி, இன்ஜின் பக்கவாட்டில் ஊசி போலத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பது. “ஒண்ணுக்குப் போகுதா பாருலே” என்பது பட்டறைக் கேள்வி. எங்கள் கரையில் வள்ளத்தை அலைக்குள் தள்ளும்போதே இன்ஜினைக் கிளப்புவார்கள். கலங்கின தண்ணீரோடு மணலும் ஏறும். மணல் ரப்பரைத் தேய்க்கும். துறைமுகத்தில் நிற்கும் இன்ஜினுக்கு நீண்ட நாள் வருகிற இம்பெல்லர் இங்கே அதற்கு முன்பே போய்விடும். போனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கரையிலிருந்து எத்தனை தூரத்தில் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

அன்று இம்பெல்லர் வேண்டுமென்றால் பட்டறையில் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும். கிடைத்தது ஒரே ரகம். அதனால் தேய்ந்ததைக் கழற்றி இதழ்களைத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள். ஒரு பக்கம் வளைந்து பழகிய ரப்பரை எதிர்ப்பக்கம் வளைத்தால் வேரில் கீறல் விடும் என்பது அடுத்த முறை தெரியவரும். இன்று கடைக்குப் போனால் அதே இம்பெல்லர் மூன்று நான்கு உறையில் இருக்கிறது. ஒரிஜினல், அதற்கு அடுத்தது, “அதே மாதிரிதான் அண்ணே” என்பது, பெயரே இல்லாதது. உறையைப் பார்த்து ஏமாறலாம். விரலை ஏமாற்றுவது கஷ்டம். இதழை மடக்கிவிட்டால் சட்டென்று நிமிர வேண்டும். சோம்பலாக எழுந்தாலோ, மடித்த இடம் வெளுத்தாலோ அது அலமாரியிலேயே கிழடாகிவிட்ட சரக்கு. பாட்டா கயிற்றை நீவிய அதே வேலைதான். இன்றைய பையன்களுக்கு அந்தக் கை இல்லை என்பதில்லை. கைபேசியில் விலையை ஒப்பிட்டு முடித்த பிறகு கையைப் பயன்படுத்த மறந்துவிடுகிறார்கள்.

பிளக்கும் அப்படியே. எங்கள் அவுட்போர்டுகள் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிவிட்டால் கார்புரேட்டர் கழுவப்படும், மறுநாள் ஒரே இழுப்பில் கிளம்பும். திருப்ப மறந்தால் கரி பிடித்த பிளக்கோடு அலைக்குள் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அலை உடையும் இடத்தில் இன்ஜின் நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பினால் கவிழும். கரி பிடிக்கிறதே என்று சிலர் எண்ணைப் பார்க்காமல் கிடைத்த பிளக்கைப் போடுவார்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் அது குளிர்ந்த ரகம். கரி கூடத்தான் செய்யும். அளவுக்கு மீறிச் சூடான ரகத்தைப் போட்டாலோ பிஸ்டன் தலை ஓட்டையாகும். கம்பெனி சொன்ன எண்ணை விட்டு நகராமல் இருப்பதே உத்தமம். சித்தப்பா தீப்பெட்டிக்குள் இரண்டு புது பிளக்கைத் துணியில் சுற்றி, கட்டுமரக் காலத்துக் கிழவர்கள் வெற்றிலைப் பொட்டலம் கொடுப்பது போல ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொடுத்தனுப்புவார். காசு அப்புறம்.

விசைப்படகுக்காரர்கள் கதை வேறு. கடலுக்கென்றே செய்த இன்ஜின் விலை எட்டாததால், தமிழகக் கரையில் பலர் போனது லேலாண்டுக்கு. லாரியை இழுத்த ஆறு சிலிண்டர் குடும்பம்தான், கடலுக்கேற்ற கியர்பாக்ஸோடு வந்தது. அதை எடுத்ததற்குக் காரணம் வேகம் அல்ல. நாகப்பட்டினமோ தூத்துக்குடியோ, எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் லைனரும் பிஸ்டன் ரிங்கும் நாசிலும் கிடைக்கும். லாரி மெக்கானிக்கே கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். உதிரிபாகம் கிடைக்கிற இன்ஜினே நல்ல இன்ஜின் என்பது அன்றைய கணக்கு. இன்றும் அதைவிடச் சரியான கணக்கு எனக்குத் தெரியவில்லை. அதிவேக சீன இன்ஜின்களை மாட்டியவர்கள் முதலில் மீனில் முந்தினார்கள். பிறகு பக்கத்து ஊர்களோடு சண்டை, மீன்துறையோடு வழக்கு. தமிழ்நாட்டு விதிப்படி 240 குதிரைத்திறனுக்கு மேல் போகக் கூடாது.

லாரி சாமான் கடலுக்கு ஆகாத இடமும் ஒன்று உண்டு. இன்ஜின் ரூமுக்குள் இறங்கி, தண்ணீர் வரும் ஹோஸ் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பைப் பாருங்கள். லாரியில் அது கழன்றால் ரேடியேட்டர் கொதிக்கும், ஓரம் கட்டலாம். படகில் கடல்நீர்க் குழாயின் கிளிப் கழன்றால் கடல் உள்ளே வரும். பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ், இறுக்கும் திருகு சாதா இரும்பு என்ற கிளிப் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டும் ஒரே பளபளப்பு. ஆறு மாதத்தில் பட்டை புதுசாகவே இருக்கும். திருகு துருப்பொடியாகி இருக்கும். இருட்டில், பலகைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். நல்ல ஸ்டெயின்லெஸ் திருகில் அது பெரும்பாலும் ஒட்டாது. நான் ஒரு கடையில் இப்படிச் செய்தபோது கடைக்காரர் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும் எங்கள் மாவட்டத்தில் பாதுகாப்பு பற்றிய பேச்சையே மாற்றிவிட்டன. ஒக்கி. கன்னியாகுமரிக்கு அருகிலேயே உருண்டு திரண்ட புயல். எச்சரிக்கை வலுத்தபோது தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் எப்போதோ போய்விட்டிருந்தன. அவற்றில் நல்ல இன்ஜின் இருந்தது, ஜி.பி.எஸ். இருந்தது, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி இருந்தது. கரையிலிருந்து ஒரு வார்த்தை போய்ச் சேர வழி இல்லை. வி.எச்.எஃப். ரேடியோ பார்வைக்கோட்டில்தான் பேசும். நூறு கடல் மைலுக்கு அப்பால் இருப்பவர் காதில் விழாது. பிழைத்து வந்தவர்களில் பலர் சொன்னது கவிழ்ந்த படகின் முதுகையும் காலி கேனையும். பாட்டாவின் தடி ஞாபகத்துக்கு வந்தது. மிதப்பதைப் பிடித்துக்கொள் என்பதற்கு மேல் ஐம்பது ஆண்டுகளில் நாம் எதையும் அவர்கள் கையில் கொடுத்திருக்கவில்லை.

அதன் பிறகு கருவிகள் வந்தன, சந்தேகமில்லை. நாவிக் செயற்கைக்கோள் செய்தி வாங்கும் பெட்டிகள் வந்தன. இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாக இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி போகிற டிரான்ஸ்பாண்டர் வந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு அதை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் பால்கரில் தொடங்கிவைத்தார். செய்தி கைபேசித் திரையில் சொந்த மொழியிலேயே வரும். எஸ்.ஓ.எஸ். பொத்தானும் உண்டு. இதைவிடப் பெரிய மாற்றம் எங்கள் கடலில் நடந்ததில்லை. ஆனாலும் அதை அணைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மீன் கிடைக்கும் இடம் மற்றவனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், எல்லை தாண்டியது பதிவாகிவிடும் என்ற பயம். இரண்டும் பொய்யான பயம் அல்ல. ஆனால் அணைத்துவைத்த பெட்டி பின்னுக்குப் பதில் சொருகிய ஆணிக்குச் சமம்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மீனவர்களைத் திட்டுவது கரையில் இருப்பவர்களுக்குச் சுலபமான பொழுதுபோக்கு. அந்தப் பருத்த நுரை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் வலை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். வாரும் கொக்கியும் வலைக்கண்ணில் மாட்டுகின்றன. வலை ஓடும்போது மாட்டினால் ஜாக்கெட்டே ஆளைக் கடலுக்குள் இழுக்கும். அதனால் அது கேபினுக்குள், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், சோதனை வரும் நாளுக்காகத் தொங்குகிறது. அடித்துச் சொல்கிறேன், இது சோம்பேறித்தனம் அல்ல. கப்பல் பயணிக்காகத் தைத்த சட்டையை உழைப்பாளிக்குக் கொடுத்த தவறு. இடுப்புப் பட்டையாகவோ கழுத்துப் பட்டையாகவோ கிடந்து, இழுத்தால் வாயு நிரம்பி உப்புகிற ரகம் வலை இழுப்பவருக்குத் தோது. விலை கூடுதல்தான். அதிலும் வாங்கினால் ஆயிற்று என்று இருக்க முடியாது: உள்ளே இருக்கும் சின்ன சிலிண்டரின் முழு எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், நகைக்கடைத் தராசில் வைத்தால் எடை குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். குறைந்திருந்தால் வாயு கசிந்திருக்கிறது. அந்தப் பட்டையை நம்பி ஒருவர் குதிக்கக் கூடாது.

வட்ட மிதவை இன்னொரு வேடிக்கை. பல படகுகளில் அது பெயர்ப்பலகை. இரண்டரை கிலோவுக்குக் குறையக் கூடாது, நன்னீரில் பதினாலரை கிலோ இரும்பை 24 மணி நேரம் தாங்கி மிதக்க வேண்டும் என்பது கப்பல்களுக்கான சர்வதேச விதி. நம் கடைகளில் தெர்மோகோல் வளையத்துக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்தது கிடைக்கிறது. கையில் எடுத்தால் பஞ்சு. ஆபத்து நேரத்தில் கொளுத்தும் ஃபிளேர் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத்தான் உத்தரவாதம். காலாவதியானதைக் கோயில் திருவிழாவுக்குக் கொளுத்துகிற ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கும். கடலில் யாரோ உதவி கேட்கிறார்கள் என்று கடலோரக் காவல்படை கிளம்பி வராதவரை.

இத்தனையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. இன்ஜின் கடையையும் பாதுகாப்புச் சாதனக் கடையையும் இரண்டாகப் பார்ப்பதுதான் இன்றைய கோளாறு. இன்ஜின் சாமானுக்கு அடகு வைத்தாவது பணம் புரட்டுகிறோம், அது நின்றால் மீன் நிற்கும். பாதுகாப்புச் சாமானை மானியம் வந்தால் வாங்குகிறோம், அது பேப்பருக்கு. ஆனால் இன்ஜின் நின்றதால் திசை மாறி அடித்துச் செல்லப்பட்டு, எல்லை தாண்டி, தேடப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்த உயிர்காப்புக் கருவி ஒரு மாற்று இம்பெல்லர், அல்லது ஒரு டீசல் ஃபில்டர். பாட்டாவுக்கு இந்தப் பிரிவினை கிடையாது. அவர் கயிற்றை நீவிப் பார்த்தது தொழிலுக்கா, உயிருக்கா என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது.

சித்தப்பாவின் பட்டறை இப்போது கான்கிரீட். அவர் மகன் நடத்துகிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் இம்பெல்லர்கள் எண் வாரியாக அடுக்கியிருக்கின்றன. ஆணி டின் அப்படியே இருக்கிறது. யாராவது பின் விலையைக் கேட்டு முகம் சுளித்தால் அதை எடுத்துக் குலுக்கிக் காட்டுவான்.

மேற்குக் கரைக்கு ஜூன் 1-ஆம் தேதி தடைக்காலம் தொடங்குகிறது; கிழக்கில் ஏப்ரல் 15. இரண்டு பக்கமும் 61 நாள். எப்படியும் இன்ஜினைப் பிரிப்பீர்கள். அதே நாளில் ஜாக்கெட்டுகளையும் உறையிலிருந்து எடுத்து வெயிலில் போட்டு, தையல் நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. வீல்ஹவுஸ் கதவில் பெயின்ட்டில் பெரிதாக எழுதிவையுங்கள்.